டர்னர் வரைந்த இடிந்த சுவர்: சிவில் மாணவன் பார்வையில்

போன செமஸ்டர்ல ஆர்ச் பாடத்துக்கு நல்ல படம் ஒண்ணு தேடிக்கிட்டு இருந்தேன். புத்தகத்துல இருக்கற வளைவுப் படங்கள் எல்லாம் ரெண்டு கோடும் நாலு அம்புக்குறியும்தான். நிஜமான கூர்முனை வளைவு எப்படி இருக்கும்னு தேடினப்போ, கூகுள் ஒரு நீர்வண்ண ஓவியத்தைக் கொண்டுவந்து நிறுத்துச்சு. கூரை இல்லாத ஒரு பெரிய தேவாலயம். வானம் வரைக்கும் போற வளைவுகள். அந்த வளைவுகள் மேல இருந்து தலைமுடி மாதிரி தொங்கற கொடிகள். பரீட்சைக்கு அது எவ்வளவு உதவுச்சுன்னு கேக்காதீங்க. ஆனா அந்தப் படத்தை அதுக்கப்புறம் விட முடியல. அதைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

ஓவியத்தோட பேரு நீளம்: 'டின்டர்ன் மடாலயம்: குறுக்குக்கூடமும் பலிபீடப் பகுதியும், கிழக்கு ஜன்னலை நோக்கி'. வரைஞ்சவர் ஜே.எம்.டபிள்யூ. டர்னர். ஆண்டு 1794. இப்போ லண்டன்ல டேட் அருங்காட்சியகத்துல இருக்கு. ஸ்கிரீன்ல பார்த்தா பெரிய சுவர் ஓவியம் மாதிரி தோணும். நிஜத்துல 36 செ.மீ உயரம், 25 செ.மீ அகலம்தான். நம்ம அசைன்மென்ட் எழுதற ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம் எனக்கு அதிர்ச்சியா இருந்துச்சு. டர்னர் பிறந்தது 1775-ல். முதல் தடவை டின்டர்னுக்குப் போய் ஸ்கெட்ச் எடுத்தது 1792-ல். அப்போ அவருக்கு வயசு 17. நாம ஃபர்ஸ்ட் இயர் சேர்ற வயசு. அதுக்கு முன்னாடியே கட்டடக்கலைஞர்கள்கிட்ட வரைபட வேலை பார்த்துக் கை பழகியிருந்தார். பின்னாடி 1807-ல் ராயல் அகாடமியில பெர்ஸ்பெக்டிவ் பேராசிரியராகவே ஆனார். அதனால இது ஏதோ மூடு வந்து தீட்டின படம் இல்ல. கட்டடம் எப்படி நிக்குதுன்னு தெரிஞ்ச ஆள் வரைஞ்சது.

படத்துக்குள்ள போவோம்

ரொமான்டிக் காலம்னா காதல் படம்னு நினைச்சுக்காதீங்க. 18-ஆம் நூற்றாண்டு முடிவுல ஐரோப்பாவுல கிளம்பின ஒரு போக்கு அது. அளவு, ஒழுங்கு, பகுத்தறிவுன்னு போயிட்டு இருந்த கலை, திடீர்னு புயல், மலை, இரவு, இடிபாடுன்னு திரும்புச்சு. மனுஷன் கட்டினதை இயற்கை எப்படித் திரும்ப எடுத்துக்குதுன்னு பார்க்கறதுல அந்தக் காலத்துக்காரங்களுக்குத் தீராத ஆசை. இடிந்த கோதிக் தேவாலயம் அதுக்குப் பொருத்தமான இடம்.

டர்னர் நம்மைத் தரையில நிறுத்தறார். கண் மட்டம் ரொம்பக் கீழ. அதனால வளைவுகள் எல்லாம் நம்ம தலைக்கு மேல எழும்பிப் போற மாதிரி இருக்கு. கீழ சின்னதா மனித உருவங்கள். அவங்களை விரலால மறைச்சுப் பாருங்க, கட்டடத்தோட அளவே தெரியாமப் போயிடும். டிராயிங்ல ஸ்கேல் பார் போடறோம் இல்லையா, இங்கே அந்த வேலையை மனுஷங்க செய்யறாங்க.

அடுத்தது நிறம். பக்கத்துல இருக்கற கல்லு மஞ்சளும் பழுப்புமா, தெளிவா இருக்கு. தூரத்து வளைவுக்குப் போகப் போக நீலமும் பச்சையும் கலந்த மெல்லிய பூச்சு. அங்கே எது இலை, எது கல்லுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. நீர்வண்ணத்துல வெளிச்சத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிக்கத் தேவையில்ல. தாளோட வெள்ளையை அப்படியே விட்டுட்டா போதும். கூரை இல்லாத இடத்துல இருந்து இறங்கற அந்த வெளிச்சம் பெரும்பாலும் வெறும் தாள்தான். தப்பாத் தொட்டா அழிக்க முடியாத ஊடகத்துல, 19 வயசுல, எங்கே கை வைக்கக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்கு.

கட்டடம் யாருது?

டின்டர்ன், வேல்ஸ் எல்லையில வை நதிக்கரையில இருக்கற ஊர். 1131-ல் வால்டர் டி கிளேர் என்ற பிரபு அங்கே சிஸ்டெர்சியன் துறவிகளுக்கு மடம் அமைச்சுக் கொடுத்தார். இந்தத் துறவிகள் ஊருக்கு ஒதுக்குப்புறமா, ஆறும் காடும் இருக்கற இடமாப் பார்த்துத்தான் குடியேறுவாங்க. ஓவியத்துல நாம பார்க்கற பெரிய தேவாலயம் பிறகு வந்தது. 1269-ல் ஆரம்பிச்சு 1301-ல் புனிதப்படுத்தினாங்க. நீளம் 228 அடி, அதாவது கிட்டத்தட்ட 70 மீட்டர்.

1536-ல் எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களைக் கலைச்சப்போ டின்டர்னும் மூடப்பட்டது. கதையில முக்கியமான இடம் இதுதான். கட்டடத்தை யாரும் வெடி வெச்சுத் தகர்க்கல. கூரை மேல இருந்த ஈயத் தகட்டைக் கழட்டினாங்க, அவ்வளவுதான். ஈயத்துக்கு நல்ல விலை, அது மன்னருக்குச் சேர வேண்டிய சொத்து. மிச்சத்தை மழை பார்த்துக்கிச்சு.

ஒரு சின்னக் கணக்கு: 1301-ல இருந்து 1536 வரைக்கும் 235 வருஷம் அது தேவாலயம். 1536-ல இருந்து டர்னர் வரைஞ்ச 1794 வரைக்கும் 258 வருஷம் அது இடிபாடு. அவர் உள்ள நுழைஞ்சப்பவே, கட்டடமா இருந்த காலத்தைவிட இடிபாடா இருந்த காலம்தான் அதிகம்.

ஏன் விழல?

இனி நம்ம ஏரியா. கூரை போன பிறகு ரெண்டரை நூற்றாண்டு அந்த வளைவுகள் எப்படி நின்னுச்சு?

அரைவட்ட வளைவையும் கோதிக் கூர்முனை வளைவையும் ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டுக்கும் அகலம் 10 மீட்டர், மேல வர்ற பாரம் மீட்டருக்கு 20 கிலோநியூட்டன்னு வெச்சுக்குவோம். த்ரீ ஹின்ஜ்டு ஆர்ச் பாடத்துல படிச்ச அதே சூத்திரம்: பாரத்தை அகலத்தோட வர்க்கத்தால பெருக்கி, உயரத்தோட எட்டு மடங்கால வகுத்தா கிடைமட்ட உந்துவிசை. அரைவட்டத்துக்கு உயரம் 5 மீட்டர், உந்துவிசை 50 கிலோநியூட்டன். சமபக்க முக்கோணத்துல பொருந்தற கூர்முனை வளைவுக்கு உயரம் 8.66 மீட்டர், உந்துவிசை 29-க்குக் கொஞ்சம் கீழ. கல்லு வளைவுல நிஜமா ஹின்ஜ் கிடையாது, அதனால இது தோராயம்தான். ஆனா விஷயம் புரியும். வளைவு உயர உயர, சுவரை வெளிப்பக்கம் தள்ளற விசை குறையுது. அதனாலதான் கோதிக் கட்டடத்துல சுவரை மெலிசாக்கி, அவ்வளவு பெரிய ஜன்னல் வைக்க முடிஞ்சது. மீதித் தள்ளலை வெளியில இருக்கற முட்டுச்சுவர்கள் வாங்கிக்கும்.

கல்விலா வளைவுக் கூரை விழுந்தப்போ அதோட தள்ளலும் போச்சு. ஒரு விதத்துல சுவருக்கு நிம்மதி. ஆனா கூரையோட எடையும் சேர்ந்து போச்சு. கல்லுக்கட்டு இழுவிசையைத் தாங்காது. அமுக்கிப் பிடிக்கற எடை இருக்கற வரைக்கும்தான் அது ஒண்ணா இருக்கும். எடை போனா, காத்து அடிக்கறப்போ தனியா நிக்கற உயரமான சுவர் ஆடிப் போகும். டின்டர்ன்ல நடுக்கூடத்தோட வடபக்கத் தூண் வரிசை இன்னைக்கு இல்ல, விழுந்துடுச்சு. ஆனா டர்னர் நின்ன இடத்துல, கட்டடத்தோட ரெண்டு கைகளும் உடம்பும் சந்திக்கற குறுக்குக்கூடத்துல, பெரிய வளைவுகள் நாலும் நிக்குது. நாலு பக்கச் சுவரும் வந்து சேர்ற இடம் அது, ஒவ்வொரு வளைவுக்கும் பக்கத்துலயே முட்டு இருக்கு. படத்தோட ஹீரோவா டர்னர் எடுத்துக்கிட்டதும் அந்த வளைவுகளைத்தான்.

கொட்டாப்புளி வேணும்னு கேட்ட பாதிரியார்

டர்னர் தனியாப் போய்க் கண்டுபிடிச்ச இடம் இல்ல டின்டர்ன். அப்போ அது ஒரு டூரிஸ்ட் ஸ்பாட். வில்லியம் கில்பின்னு ஒரு பாதிரியார் 1770-ல் வை நதியில படகுல போனார். அந்தப் பயணத்தைப் பத்தி அவர் எழுதின புத்தகம் 1782-ல் வந்து பயங்கர ஹிட். ராஸ் ஊர்ல படகு ஏறி செப்ஸ்டோ வரைக்கும் ரெண்டு நாள் பயணம், நடுவுல டின்டர்ன். 1793-ல் பிரான்ஸோட போர் வந்ததும் இங்கிலாந்துக்காரங்க ஐரோப்பா சுத்திப் பார்க்கறது கஷ்டமாப் போச்சு. உள்நாட்டு இடங்களுக்கு மவுசு கூடிருச்சு.

அவங்க கையில கிளாட் கண்ணாடின்னு ஒண்ணு இருக்கும். கொஞ்சம் குவிஞ்ச, கருமை ஏத்தின சின்னக் கண்ணாடி. காட்சிக்கு முதுகைக் காட்டி நின்னுக்கிட்டு, கண்ணாடியில தெரியற பிம்பத்தைப் பார்க்கணும். நிறமெல்லாம் மங்கி, பழைய ஓவியம் மாதிரி தெரியும். கிளாட் லொரேன்ங்கற ஓவியரோட பேரைத்தான் அதுக்கு வெச்சிருந்தாங்க. ஃபில்டர் போட்டு செல்ஃபி எடுக்கறது நம்ம தலைமுறை கண்டுபிடிச்சதுன்னு நினைச்சிருந்தேன்.

கில்பினுக்கு எதைப் பார்த்தாலும் அது படமா வரைய லாயக்கான்னுதான் கேள்வி. டின்டர்ன் சுவர்கள்ல படர்ந்திருந்த ஐவி கொடியை ரொம்பப் பாராட்டறார். ஆனா அந்த முக்கோண முகட்டுச் சுவர்கள் அவருக்குப் பிடிக்கல. ரொம்ப ஒழுங்கா இருக்காம், கண்ணை உறுத்துதாம். ஒரு கொட்டாப்புளி எடுத்துப் பக்குவமா நாலு தட்டு தட்டினா அழகு கூடும், ஆனா யாருக்குத் துணிச்சல் வரும்ங்கற தொனியில எழுதியிருக்கார். இருக்கறதையே இடிச்சாத்தான் இடிபாடு முழுமையாகும்ங்கறது எனக்குச் சிரிப்பா இருந்துச்சு.

அடுத்த பக்கங்களைப் படிச்சப்போ சிரிப்பு நின்னு போச்சு. அந்த இடிபாட்டுக்குள்ள ஏழைகள் குடிசை போட்டு இருந்தாங்க. பயணிகளுக்கு இடத்தைச் சுத்திக் காட்டிக் காசு கேப்பாங்க. ஒரு பெண்மணி, ரெண்டு குச்சி ஊணித்தான் நகர முடியும், துறவிகளோட நூலகத்தைக் காட்டறேன்னு கில்பினைக் கூட்டிட்டுப் போறாங்க. செந்தட்டியும் முள்ளுமா மண்டிக் கிடந்த இடத்தைத் தாண்டிப் போய்ப் பார்த்தா, அது அவங்க வீடு. ரெண்டு இடிஞ்ச சுவருக்கு நடுவுல ஒரு பொந்து. சுவரெல்லாம் ஈரக் கறை, மிதிச்சா அமுங்கற மண் தரை, கந்தல் விரிச்ச ஒரு கட்டில். நூலகத்தைப் பத்திச் சொல்ல அவங்களுக்கு ஒண்ணும் இல்ல, சொன்னதெல்லாம் தன் பாட்டைத்தான். கில்பின் இதை மறைக்காம எழுதினார், அதுக்காக அவரைப் பாராட்டலாம். ஆனா முகட்டுச் சுவரை எப்படித் திருத்தலாம்னு யோசிச்ச அளவுக்கு இந்தக் கூரையை எப்படித் திருத்தலாம்னு அவர் யோசிச்ச மாதிரி தெரியல.

இன்னொண்ணு. மடாலயத்துல இருந்து அரை மைல் தூரத்துல இரும்பு ஆலைகள் சத்தமும் சலசலப்புமா இயங்கிக்கிட்டு இருந்ததா அவரே எழுதறார். 1560-களிலேயே அந்தப் பள்ளத்தாக்குல கம்பி இழுக்கற ஆலை வந்துடுச்சு. அதாவது, டர்னரோட படத்துல நாம பார்க்கற அந்த அமைதி, ஒரு தொழிற்பேட்டைக்கு நடுவுல இருந்த அமைதி. டர்னர் உலையையும் வரையல, அந்தப் பெண்மணியோட பொந்தையும் வரையல. படம்னா ஃபிரேம் போட்டுத்தான் ஆகணும், அதுக்காக அவரைக் குத்தம் சொல்லல. ஆனா ஃபிரேமுக்கு வெளியில என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பார்க்கறது வேற மாதிரி இருக்கு. நம்ம இங்கிலீஷ் பேப்பர்ல டின்டர்ன் பேரைக் கேட்டவங்க இருப்பீங்க, வேர்ட்ஸ்வொர்த்தோட 1798 கவிதை. தலைப்புல மடாலயம் இருக்கு, கவிதைக்குள்ள அந்தக் கட்டடம் வரவே வராது. அது அவரோட ஃபிரேம்.

கொடி சுவரைக் காப்பாத்துதா, கெடுக்குதா?

எனக்கு உண்மையிலேயே குடைஞ்ச கேள்வி இதுதான். டர்னரோட படத்துல அழகுன்னு நாம சொல்றது பாதிக்கு மேல அந்தக் கொடிதான். இடிந்த கல்லை மட்டும் வரைஞ்சிருந்தா இவ்வளவு உயிர் வந்திருக்காது. ஆனா அதே கொடி சுவருக்கு என்ன பண்ணிட்டு இருந்துச்சு?

கோதிக் சுவர் முழுக்கக் கெட்டிக் கல்லு இல்ல. ரெண்டு பக்கமும் செதுக்கின கல்லு, நடுவுல கல்லுடைசலும் சுண்ணாம்புச் சாந்தும். டின்டர்ன்ல பெரும்பாலும் செம்மணற்கல் வகை. கூரை இருக்கற வரைக்கும் சுவரோட தலையில தண்ணி இறங்காது. கூரை போனதும் மேல இருந்து நேரா நடுப்பகுதிக்குத் தண்ணி இறங்கும். சாந்துல இருக்கற சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சுக் கொண்டுபோகும். குளிர்காலத்துல உள்ள நின்ன தண்ணி உறைஞ்சு, கனஅளவு 9 சதவீதம் பெருகி, கல்லை நெம்பும். வெளியில பார்த்தா சுவர் திடமாத்தான் தெரியும்; உள்ள சாந்து உதிர்ந்து போயிருக்கும்.

ஐவி கொடி சுவர்ல ஒட்டிக்கறது சின்னச் சின்னப் பற்றுவேர்களால. அதுங்க பசை மாதிரி ஒண்ணைச் சுரந்து ஒட்டிக்கும், கல்லைப் பெரிசாத் துளைக்காது. ஆனா சாந்து போன இடுக்குல ஈரமும் மண்ணும் கிடைச்சா, அங்கே நிஜமான வேர் விட ஆரம்பிக்கும். வேரும் தண்டும் தடிக்கத் தடிக்கக் கல்லைப் பிரிக்கும். கோபுர இடுக்குல முளைக்கற அரசங்கன்றைப் பார்த்திருப்பீங்க, அதே வேலைதான். அதோட, அவ்வளவு இலையும் சேர்ந்து காத்துல ஒரு பாய்மரம் மாதிரி ஆகும். ஏற்கனவே எடை இழந்த சுவருக்கு அது கூடுதல் பாரம்.

1901-ல் பிரிட்டிஷ் அரசு போஃபோர்ட் பிரபுகிட்ட இருந்து மடாலயத்தை 15,000 பவுண்டுக்கு வாங்குச்சு. 1914-ல் அது பொதுப்பணி அலுவலகத்து வசம் போச்சு. அந்த ஆண்டுகள்ல கொடியை எல்லாம் உரிச்செடுத்தாங்க. பெரிய அளவுல கட்டுமானப் பழுதுபார்ப்பு, சில இடங்கள்ல மறுகட்டுமானம் எல்லாம் நடந்துச்சு. இன்னைக்குப் போனா வெட்டிவிட்ட புல்தரையும் வெறும் கல்லும்தான். ரொமான்டிக் ஓவியர்கள் தேடி வந்த அந்தப் பச்சை இல்ல.

கதை இங்கே முடிஞ்சிருந்தா, 'ஓவியருக்கு அழகு, இன்ஜினியருக்கு ஆபத்து'ன்னு சுலபமாச் சொல்லியிருக்கலாம். முடியல. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துல ஹெதர் வைல்ஸ் தலைமையில ஒரு குழு, பழைய சுவர்கள்ல ஐவி என்ன பண்ணுதுன்னு சென்சார் வெச்சு அளந்தாங்க. கொடி மூடின சுவர்ல வெப்பநிலை ஏற்ற இறக்கம் குறைவு, ஈரப்பதமும் சட்டுனு மாறாது, காத்துல வர்ற தூசியையும் மாசையும் இலை தடுத்துடுது. அதாவது சாந்து நல்லா இருக்கற, விரிசல் இல்லாத சுவருக்குக் கொடி ஒரு போர்வை. விரிசல் விழுந்த சுவருக்கு அதே கொடி கடப்பாரை.

அப்போ 1901-க்குப் பிறகு செஞ்சது சரியா? என் கட்சி, சரிதான். டின்டர்ன் ரெண்டாவது வகைச் சுவர். மூடியிருக்கற கொடிக்குக் கீழ எந்தச் சாந்து போயிருக்கு, எந்தக் கல்லு ஆடுதுன்னு பார்க்காம எந்தப் பழுதையும் சரி பண்ண முடியாது. ஹாஸ்டல் ரூம்ல இதைச் சொன்னப்போ, ஆர்க்கிடெக்சர் படிக்கற நண்பன் ஒருத்தன் திருப்பிக் கேட்டான்: "கொடி இல்லாம இருந்திருந்தா டர்னர் அங்கே போயிருப்பாரா? டர்னர் மாதிரி ஆட்கள் போகலேன்னா, 1901-ல் அந்தக் கல்லுக்கு 15,000 பவுண்டு யார் குடுத்திருப்பா?" எனக்குப் பதில் வரல. ஒரு கட்டடத்தைக் கெடுத்துட்டு இருந்த கொடிதான், அந்தக் கட்டடத்தைக் காப்பாத்தணும்னு ஊருக்குத் தோணவும் வெச்சிருக்கு. சுண்ணாம்புக்கும் வேருக்கும் சூத்திரம் போடலாம், இதுக்கு என்ன போடறதுன்னு தெரியல.

படத்தைப் பார்க்கணும்னு தோணினா போன்ல பார்க்காதீங்க, லேப்டாப்ல டேட் இணையதளத்துக்குப் போங்க. 1851-ல் டர்னர் இறந்த பிறகு அவர்கிட்ட இருந்த படைப்புகள் நாட்டுக்குச் சேர்ந்தது, அதனால ஆன்லைன்ல இலவசமாவே பார்க்கலாம். முதல்ல அடியில இருக்கற ஆட்களைக் கண்டுபிடிங்க. அங்கிருந்து ஒரு தூணைப் பிடிச்சு மேல ஏறுங்க. வளைவு திரும்ப ஆரம்பிக்கற இடத்துல நிறுத்தி, கல்லு எங்கே முடியுது, இலை எங்கே தொடங்குதுன்னு பாருங்க. பக்கத்து வளைவுல சொல்லிடலாம். கடைசி வளைவுல நான் மூணு தடவை முயற்சி பண்ணேன், முடியல.